சுருதிப் பெட்டிக்கு நாலு சக்கரம்

மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் சங்கீதம் ஓரிடத்தில் உட்காராது. திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காக எங்கள் ஊருக்கு வருகிறார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்றுதான் அழைப்பார்கள். தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்ற உரிமை அது. பெருமாளுக்கு முன்னால் நாயனமும் தவிலும் நடந்து வரும். கொஞ்சம் தள்ளி ஒரு வண்டியில் மைக் செட், ஜெனரேட்டர், திசைக்கொரு புனல். தெற்கே எல்லையைத் தாண்டினால் நாகூர். அங்கே கந்தூரிக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வரும்போதும் வாத்தியம் தெருவில்தான் நடக்கும், ஊர் வாசலில் நின்று கேட்கும்.

இந்த ஊரில் பிறந்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து சிந்தசைசர் செய்து, அதை ஹெட்போனில் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் வேன். பழைய மெட்டடார். ஒரு காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் கல்யாணக் கோஷ்டி, ஐயப்ப பக்தர்கள், மெல்லிசைக் குழு என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓடிய அதே பஜாஜ் டெம்போ டீசல் வண்டி. இப்போது சாலையில் பார்ப்பதே அபூர்வம். பிஒய் 02 காரைக்கால் பதிவு எண்ணோடு ஒன்று கிடைத்தது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ப்ளைவுட்டில் ஒரு சாய்வு மேசை அடித்து, அதில்தான் என் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. கூரையில் இரண்டு புனல் ஒலிபெருக்கி, உள்ளே ஒரு பேஸ் பெட்டி, இசைக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான் வண்டி.

“கீபோர்டு வாங்கி வச்சா போதாதா தம்பி, எதுக்கு இவ்வளவு ஒயரு?” என்று டிங்கரிங் பட்டறை அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பதிவு முழுக்க அதற்கான பதில்தான்.

கடையில் வாங்கும் கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. பன்னிரண்டும் ஒரே அளவு இடைவெளியில் வெட்டப்பட்டவை. மேற்கத்திய இசைக்கு அதில் பெரிய வசதி உண்டு, எந்தக் கட்டையிலிருந்து ஆரம்பித்தாலும் பாட்டு ஒரே மாதிரி அமையும். நமக்கு அந்த வசதி அவ்வளவு தேவையில்லை. நாம் ஒரு சட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு கச்சேரி முழுக்க அதிலேயே நிற்கிறவர்கள். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டும்போது அதற்குள்ளிருந்து தானாக ஒரு அந்தர காந்தாரம் எழும். அது சட்ஜமத்துக்கு 5:4 என்ற விகிதத்தில் நிற்கும். கீபோர்டின் காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால் இது ஏழில் ஒரு பங்கு. சின்ன வித்தியாசம்தான். ஆனால் சுருதியோடு சேர்த்து ஐந்து நிமிடம் கேட்டால் காது ஒத்துக்கொள்ளாது. கமகம் என்று வந்துவிட்டால் கதையே வேறு. தோடியின் காந்தாரம் எந்தக் கட்டையிலும் இல்லை, அது இரண்டு மூன்று கட்டைகளுக்கு நடுவே அசையும் ஓர் அசைவு. அந்த அசைவைக் கீபோர்டின் பக்கத்திலிருக்கும் சக்கரத்தை உருட்டியே கொண்டுவரும் கலைஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எனக்கு வேண்டியது வேறு. முதல் அடியிலிருந்தே நம் சுருதிக்கென்று செய்த ஒரு மின் வாத்தியம் வேண்டும். அப்படி ஒன்றை நாமே ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் உண்டு.

ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி ரொம்பச் சாதாரணம். 40106 என்று ஒரு ஐசி. 14 கால், உள்ளே ஆறு தலைகீழாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர் மாட்டினால் அது ‘ஙீ’ என்று கத்த ஆரம்பிக்கும். கெப்பாசிட்டர் நிரம்புகிறது, ஐசி புரள்கிறது, கெப்பாசிட்டர் காலியாகிறது, மறுபடி புரள்கிறது. ரெசிஸ்டருக்குப் பதில் வால்யூம் கன்ட்ரோல் போட்டால், திருகத் திருகச் சுருதி ஏறும், இறங்கும். ஆறு தலைகீழாக்கிக்கு ஆறு குரல். சென்னை ரிச்சி தெருவில் இந்த ஐசி ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. உலகம் முழுக்க வீட்டில் சிந்தசைசர் செய்கிறவர்களில் பலர் இந்த ஒரு ஐசியில்தான் கைப்பழக்கம் பெறுகிறார்கள்.

வண்டியில் ஏற்றும்போதுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இந்த ஆஸிலேட்டரின் சுருதி மின்னழுத்தத்தைப் பொறுத்தது. இன்ஜின் நின்றால் பேட்டரி பன்னிரண்டரை வோல்ட், ஓடினால் பதினாலு. ரெகுலேட்டர் போட்டு 9 வோல்ட்டில் கட்டிவிடலாம், போட்டிருக்கிறேன். ஆனால் வெயிலை எந்த ரெகுலேட்டரும் கட்டாது. சித்திரை மாத மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே பாகங்கள் சூடேறும், சுருதி நகரும். ஆறு ஆஸிலேட்டரும் ஆறு விதமாக நகரும். ஒரு பாட்டுக்குச் சேர்த்த சுருதி அடுத்த பாட்டுக்கு நிற்காது.

இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது, மின் ஆர்கன் செய்தவர்கள் வெகுநாள் முன்பே கண்டுபிடித்த வழி. ஆறு ஆஸிலேட்டர் வேண்டாம். ஒன்றே ஒன்று போதும், ஆனால் ரொம்ப உயரத்தில் ஓட வேண்டும். நான் அதைச் சுமார் 15,700 ஹெர்ட்ஸில் ஓட விடுகிறேன். அதை எண்ணும் ஐசிக்களுக்குக் கொடுத்தால் அவை துடிப்புகளை எண்ணி எண்ணி வகுத்துத் தரும். 60-ஆல் வகுத்தால் 261 ஹெர்ட்ஸ் சொச்சம் வரும். அது ஒரு கட்டைச் சட்ஜமம். 48-ஆல் வகுத்தால் அந்தர காந்தாரம், 45-ஆல் சுத்த மத்யமம், 40-ஆல் பஞ்சமம், 30-ஆல் மேல் சட்ஜமம். 60-க்கும் 40-க்கும் உள்ள உறவு மூன்றுக்கு இரண்டு. 60-க்கும் 45-க்கும் நான்குக்கு மூன்று. 60-க்கும் 48-க்கும் ஐந்துக்கு நான்கு. முழு எண்ணால் வகுப்பதால் இதில் தசமத்துக்கே இடமில்லை. வெயிலில் ஆஸிலேட்டர் கொஞ்சம் ஏறினால் எல்லாச் சுரமும் சேர்ந்து ஏறும். தங்களுக்குள் உள்ள உறவை அவை விடவே விடாது. நாயனக்காரர் இரண்டரைக் கட்டையில் வாசிக்கிறார் என்றால் ஒரே குமிழைத் திருகினால் போதும், மொத்த வாத்தியமும் அவர் சுருதிக்குப் போய் நிற்கும்.

இதை முதன்முதலாகப் பஞ்சமத்தோடு சேர்த்துப் புனலில் விட்டபோது, பக்கத்தில் நின்ற வயதான நாகசுர வித்வான் ஒருவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். “குரல் கரகரன்னு இருக்கு தம்பி. ஆனா சுருதி அசையல” என்றார். எனக்கு அது போதும். கரகரப்பை ஃபில்டர் வைத்துக் குறைக்கலாம். அசையாத சுருதி கிடைப்பதுதான் கஷ்டம்.

வகுக்கும் எண்களைத் தேடி உட்கார்ந்தபோது நான் எதிர்பாராத இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தேன். தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் சுருதிக் கணக்கு பக்கம் பக்கமாகப் போகிறது. ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற பழைய கொள்கையை மறுத்து, 24 சமப் பங்கு என்று அவர் வாதாடினார். அதற்காகவே சொந்தச் செலவில் தஞ்சையில் சங்கீத மாநாடுகள் கூட்டி வித்வான்களை வரவழைத்தார். முப்பது ஆண்டு கழித்து, 1947-ல், மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. அவர் தமிழ்ப் பேராசிரியர் மட்டுமில்லை, லண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரியும்கூட. சிலப்பதிகாரத்தில் இருக்கும் இசைக் குறிப்புகளை விகிதக் கணக்காக மாற்றி, அந்தக் கணக்கிலிருந்து மறைந்துபோன யாழ்களை மீட்டெடுத்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் அந்த நூல் அரங்கேறியது எங்கே தெரியுமா? எங்கள் டெல்டாவிலேயே, திருக்கொள்ளம்பூதூர் கோயிலில். அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார்.

இந்த இரண்டு பேரையும் நான் வாத்தியம் செய்கிறவர்களாகவே பார்க்கிறேன். தாளில் கணக்குப் போட்டார்கள், ஆனால் மனசில் ஓடியது ஒலி. பண்டிதரின் 24 சமப் பங்கையும் விபுலாநந்தர் கையாண்ட விகித முறையையும் இன்றைக்குச் சில நூறு ரூபாய்ச் சாமானில் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுக் கேட்க முடிகிறது. நான் கேட்டேன். நீண்டு நிற்கும் சுருதிக்கு விகிதக் கணக்குத்தான் என் காதுக்கு இசைகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ராகம் அசைய ஆரம்பித்துவிட்டால் எந்தக் கட்டமும் பிடிபடுவதில்லை. பண்டிதர் ஏன் அவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கப் பார்த்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு நூறாண்டு விவாதத்தில் ஒரு வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு கலந்துகொள்ள முடிகிறதே என்ற சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மேசையில் ஸ்விட்சுகளுக்கு மேலே ச ரி க ம எழுதவில்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் காரணம் எங்கள் காரைக்காலின் அம்மையார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் அவர் இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை அடுக்கிச் சொல்லி, அதோடு கொக்கரை, தக்கை, துந்துபி, குடமுழா, மொந்தை என்று ஒரு பெரிய வாத்தியக் குழுவையே சுடுகாட்டில் கூட்டிவிடுகிறார். பக்தி இலக்கியத்தின் விடியற்காலத்திலேயே எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் இத்தனை வாத்தியத்தின் பெயரையும் விரல்நுனியில் வைத்திருந்திருக்கிறார். அந்தப் பெயர்களை வண்டியில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

கமகத்துக்கு வருகிறேன். இதற்குக் கட்டை எதுவும் இல்லாத, வழுக்கிப் போகிற ஏதாவது வேண்டும். மின்னிசையின் ஆரம்பகாலக் கருவிகளில் முக்கியமானவை அப்படித்தான் இருந்தன. ரஷ்யாவின் தெரமின் 1920 வாக்கில் செய்த கருவியில் காற்றில் கையசைத்தால் சுருதி மாறும். பிரான்சில் மார்த்தனோ 1928-ல் மேடையேற்றியதில் விரலில் ஒரு வளையம், அதை ஒரு கம்பியோடு சேர்த்து நகர்த்த வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சிந்தசைசர் செய்தார்கள். மேற்குக் கரையில் புக்லா, பியானோக் கட்டையே வேண்டாம் என்றார். கிழக்கில் மூக், கட்டையை வைத்தார். மூக் வைத்ததுதான் ஊர் உலகமெல்லாம் பரவியது. அந்த வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி திரும்பியிருந்தால் நமக்கு எவ்வளவு லாபமாக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நான் செய்தது ஒரு பட்டை. நுண்ணிய ஐசிக்களை நிலைமின்சாரம் தாக்காமல் சுற்றி அனுப்பும் கறுப்பு ஷீட் இருக்கிறதே, அது மின்சாரத்தைக் கொஞ்சமாகக் கடத்தும். அதை முழ நீளத்துக்கு வெட்டி ரீப்பர் கட்டையில் ஒட்டி, மேலே சிறு இடைவெளி விட்டு ஒரு செப்புத் தகடு. விரல் எங்கே அழுத்துகிறதோ அந்த இடத்து மின்னழுத்தம் 4046 என்ற ஐசிக்குப் போகும். அழுத்தம் கூடினால் சுருதி கூடும். விரலை ஆட்டினால் சுரம் ஆடும், இழுத்தால் ஜாரு. வீணையில் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கும் இல்லையா, இதில் விலகும். முதல் ஸ்தாயிக்கு ஒரு பங்கு நீளம் என்றால் அடுத்த ஸ்தாயிக்கு இரண்டு பங்கு. அதைச் சரிசெய்ய வழக்கமான சர்க்யூட் உண்டு, நான் போடவில்லை. மேல் ஸ்தாயியில் கைக்கு நிறைய இடம் கிடைக்கிறது, கமகத்தை விரித்து வாசிக்க முடிகிறது. அது இந்த வாத்தியத்தின் குணமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தியாவில் மூக் சிந்தசைசர் வந்த கதையைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. அதை நிறுவிக் கொடுத்தவர் டேவிட் டியூடர், இசையமைப்பாளர் ஜான் கேஜின் புகழ்பெற்ற மௌனப் படைப்பை 1952-ல் முதலில் மேடையேற்றிய பியானோ கலைஞர். பியானோவை விட்டுவிட்டு, தானே பற்றவைத்த சர்க்யூட்டுகளை வாசிக்க ஆரம்பித்த மனிதர். இந்தத் தொடர்புக்கெல்லாம் வேர் கீதா சாராபாய். 1946-ல் நியூயார்க்கில் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றவர் அவர். அகமதாபாத் கூடத்தில் கீதா சாராபாயோடு ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் ஒலிநாடாவில் இசை செய்தார்கள். ஜோஷிபுரா அப்போது மாணவர். விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்து இசையமைத்தார். சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி நின்றுபோனது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. லண்டன் இசைக் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்தார், 2023-ல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன.

அந்தத் தொகுப்பைக் கேட்டபோது பெருமையும் வருத்தமும் ஒன்றாக வந்தன. இத்தனை துணிச்சலான ஒலிகளை நம்மவர்கள் அவ்வளவு முன்பே செய்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டு ஒருவர் காதிலும் விழவில்லை. ஒரு நல்ல அறை, விலை உயர்ந்த கருவி, திறமையானவர்கள், எல்லாம் இருந்தது. தெரு மட்டும் இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கதை 1954-ல் வந்த ‘நாகின்’ இந்திப் படம். அதில் வரும் மகுடி ஓசை நிஜ மகுடி கிடையாது. கிளாவியோலின் என்ற சின்ன மின் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது, ஹார்மோனியத்தில் ரவி. அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் கான்ஸ்டான்ட் மார்ட்டின், பிரெஞ்சுக்காரர், 1947-ல். காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து கைமாறிய அதே 1954-ல், ஒரு பிரெஞ்சுக் கருவியின் குரல் இந்தியா முழுக்க டென்ட் கொட்டகை டென்ட் கொட்டகையாகப் போனது. இன்றைக்கும் பேண்டு வாத்தியக்காரர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்தில் அந்த மெட்டை வாசித்தால் இளவட்டங்கள் கையைப் படமாக விரித்து ஆடுகிறார்கள். மின்னொலி நம் தெருவுக்குப் புதிதாக வரவேண்டியதில்லை, வந்து எழுபது வருஷமாகிறது. 1970-களின் இறுதியில் பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் மின் தம்புராவைச் செய்தபோது அது சபாக்களுக்கும் பூஜை அறைகளுக்கும்கூடப் போய்ச் சேர்ந்தது. அவர் புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளர். வாசிக்கிறவர் கையில் சால்டரிங் அயர்ன் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் காலத்தில் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் பக்கத்தில் வாசிக்கிறவரும் செய்கிறவரும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குத் திமிரி நாயனத்தில் சுத்த மத்யமம் சரியாகப் பேசவில்லை என்ற குறை இருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அளவை நீட்டி, துளைகளை மாற்றிப் பாரி நாயனம் செய்து கொடுத்தார். ஒரு சுரத்துக்காக ஒரு வாத்தியமே மாறியது. ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் பற்றவைக்கும் பலகைகளை அந்தப் பட்டறை வேலையின் பக்கத்தில் வைத்துப் பேசத் துணியவில்லை. ஆனால் அங்கே நடந்ததும் இதுதான்: காது கேட்கிறது, கை திருத்துகிறது.

நாயனத்திடம் நான் படித்த இன்னொரு பாடம் திறந்த வெளியைப் பற்றியது. நாயனத்தின் சீவாளி ஏகப்பட்ட மேல் அதிர்வுகளை எழுப்புகிறது. அதனால்தான் அது மைக் இல்லாமல் நாலு வீதிக்கும் கேட்கும். புனல் ஒலிபெருக்கிக்கும் அதே குணம். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் எதுவும் சரியாக வராது. மந்தரச் சட்ஜமத்தை மழுங்கலாக அனுப்பினால் காணாமல் போய்விடும். மேல் அதிர்வுகள் நிறைந்த கூரான அலையாக அனுப்பினால், அடிச்சுரம் புனலில் வராவிட்டாலும் காது அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஸ்டூடியோக்காரர்கள் புனலைக் கேவலமாகப் பேசுவார்கள். கடற்காற்றை எதிர்த்துப் பட்டினச்சேரி கடைசித் தெரு வரைக்கும் ஒரு பஞ்சமத்தைக் கொண்டுபோகிற கருவியை நான் மதிக்கிறேன்.

கடற்காற்று என்றதும் உப்பு ஞாபகம் வருகிறது. இந்த ஊரில் திறந்த செம்பு எல்லாம் சில மாதத்தில் பச்சை பூக்கும். பற்றவைத்த ஒவ்வொரு பலகைக்கும் வார்னிஷ் கட்டாயம். ஐசி சாக்கெட்டை நம்ப முடியாது, ஐசியை நேரடியாகப் பற்றவைத்துவிடுகிறேன். வால்யூம் கன்ட்ரோல்களில் மூடிய வகையைத்தான் வாங்குகிறேன். வண்டியின் அடித்தகடு வருஷா வருஷம் டிங்கரிங் கேட்கும், அதற்கும் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி ஒரு வண்டி எடுக்க நினைப்பவர்களுக்குச் சட்ட விஷயம் இரண்டு. வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைப் பற்றியதுதான். ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவித்த இடத்தில் கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. இந்த விதிகளை நான் மனசார ஏற்கிறேன். நம் ஊர்களில் புனலால் நோயாளிகளும் படிக்கிற பிள்ளைகளும் படுகிற பாடு எனக்குத் தெரியும். வாத்தியம் கேட்க மனிதர்கள் அருகில் வரட்டும். அவர்கள் வீட்டுக்குள் நாம் நுழைய வேண்டாம். பெரும்பாலும் கடற்கரையில் கடலைப் பார்த்துப் புனலைத் திருப்பித்தான் நிறுத்துவேன்.

அங்கே என்ன நடக்கிறது என்றால், பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்விட்சைத் தட்டுகிறார்கள், பட்டையில் விரலை ஓட்டுகிறார்கள். “மாமா, போட் இன்ஜின் சத்தம் வருமா?” என்று ஒருத்தன். “நிலக்கரி கூட்ஸ் வண்டி?” என்று இன்னொருத்தி. எல்லாம் வரும். மெதுவாக ஓடும் ஆஸிலேட்டர் ஒன்றை வேகமாக ஓடும் ஒன்றோடு கோத்தால் போட் இன்ஜின். வெள்ளை இரைச்சலை ஃபில்டரில் ஏற்றி இறக்கினால் அலை. காளமேகப் புலவர் திருமலைராயன் சபையில் யார் எதைக் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் பாடினார் என்று எங்கள் ஊரைப் பற்றிய கதை சொல்லும். அந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்ட மாத்திரத்தில் ஒலி வேண்டும் என்று நிற்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒயரைக் கழற்றி மாட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இளியை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டுக் குரலைத் தட்டித் தட்டித் தாளம் போட்டாள். எனக்குத் தோன்றாத யோசனை அது. இப்போது அதற்கென்றே தனி பட்டன் வைத்திருக்கிறேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சுருதி ஓடுகிற நேரமெல்லாம் கூடவே முனகிப் பாடிக்கொண்டிருந்தார். நான் குமிழைத் திருகி அவர் குரலுக்குச் சுருதியை இறக்கிக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் குரலைக் கொஞ்சம் பெரிதாக்கினார். கீபோர்டு வாங்கி வைத்திருந்தால் அவர்தான் இரண்டு கட்டைக்கு நடுவே மாட்டியிருப்பார்.

அடுத்த வேலை தவில். தவில்காரருடைய தொப்பிப் பக்கம் ஒரு சின்ன பீசோ தகட்டை ஒட்டி, அடி விழும் நேரத்தில் மட்டும் சுரங்கள் மாறும்படி செய்து பார்க்கிறேன். மெஷினுக்குப் பின்னால் தவில் ஓடாமல், தவிலுக்குப் பின்னால் மெஷின் ஓட வேண்டும். மல்லாரி மாதிரிக் காலம் மாறி மாறிப் போகும் உருப்படிக்கு வேறு வழியே இல்லை. தகடு மெல்லிய தட்டையும் அழுத்தமான அடியையும் இப்போதைக்குப் பிரித்துச் சொல்லவில்லை, அந்த ஆம்ப்ளிஃபயர் பகுதியைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை செய்யாத மின் சுருதிப் பெட்டி, பழைய டேப் ரெக்கார்டர், ஓடாத ஆம்ப்ளிஃபயர் பரணில் கிடந்தால் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர், குமிழ், கேபினெட் எல்லாமே எனக்கு வேண்டும். கொடுக்கிறவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், 40106-ல் ஆறு குரல் எப்படிப் பற்றவைப்பது என்று அங்கேயே உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். சால்டரிங் அயர்ன் வண்டியில் இருக்கிறது.